சம்பந்தியின் நாற்காலியில் ஒரு நாள்

வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அஞ்சு நிமிஷம்'. போனை எடுத்ததும் "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்பார். சொன்னபடி கூப்பிட்டும் விடுவார். கடை வைத்திருப்பவர்கள், சின்னப் பட்டறை நடத்துபவர்கள், நாலைந்து வேன்களை வைத்துத் தொழில் பண்ணுபவர்கள் என்று பலருக்கு அவர்தான் தொழில் ஆலோசகர். எந்தச் சரக்கை நிறுத்தலாம், யாரை வேலைக்கு வைக்கலாம், பக்கத்துக் கட்டடம் காலியாகிறதே எடுக்கலாமா என்று எதற்கும் அவரைத்தான் கேட்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரோரம் ஒரு இரும்பு அலமாரி, உதவிக்கு ஒரு அம்மாள். அந்த அம்மாளை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், வயதில் மூத்தவர்கள்கூட.

இருபது வருஷமாக ஆபீஸ் அப்படியே இருந்தது. வளரவுமில்லை, தேயவுமில்லை. வளர்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறையவே உண்டு. ஆனால் அதைப் பற்றி யோசிக்கலாம் என்று உட்காரும்போதெல்லாம் போன் அடிக்கும்.

அவரைப் போன்ற ஆலோசகர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாதம் ஒருமுறை நூலகத்தின் மேல்மாடிக் கூட்ட அறையில் கூடுவார்கள். அவரவர் நிறுவனத்தை எப்படி வளர்த்தோம், எங்கே சறுக்கினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காக ஆரம்பித்த சங்கம். ஆனால் எங்கே சறுக்கினோம் என்று இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. அந்த அறைக்குள் இருக்கும்வரை எல்லாரும் வளர்ந்துகொண்டே இருந்தார்கள். கூட்டம் முடிந்து படி இறங்கும்போதுதான், "போன மாசம் பெரிய பார்ட்டி ஒண்ணு கையை விட்டுப் போயிடுச்சுப்பா" என்று ஒருத்தர் இன்னொருத்தர் காதில் மெல்லப் போடுவார்.

சங்கத் தலைவருக்கு மணிக்காரர் என்று பெயர். மேஜையில் ஒரு பித்தளை மணி வைத்திருப்பார். பேச்சு நீண்டால் தட்டுவார். ஒரு மாதம், நாலாவது ஆளும் எழுந்து தன் வளர்ச்சியைச் சொல்ல ஆரம்பித்தபோது மணியை விடாமல் தட்டினார்.

"போதும். எனக்குக் காது வளர்ந்துடுச்சு" என்றார். "ஊருக்கெல்லாம் நாம யோசனை சொல்றோம். நம்ம ஆபீஸுக்கு ஒருத்தர் வந்து பார்த்து, இது சரியில்லைன்னு சொன்னது உண்டா? சீட்டுக் குலுக்குவோம். யார் பேர் வருதோ அவங்க நாற்காலியில நீங்க ஒரு நாள் உட்காரணும், உங்க நாற்காலியில அவங்க ஒரு நாள். நாற்காலிக்குச் சொந்தக்காரர் அன்னிக்கு ஆபீஸ் பக்கம் தலைகாட்டக் கூடாது. போனையும் குடுத்துட்டுப் போயிடணும். பார்த்ததைப் பார்த்தபடி அடுத்த கூட்டத்துல வந்து சொல்லணும்."

அஞ்சு நிமிஷம் சீட்டைப் பிரித்தார். சம்பந்தியம்மா பெயர் வந்திருந்தது.

அவருடைய ஒரே மகளைத்தான் அந்த அம்மாளின் ஒரே மகனுக்குக் கொடுத்திருந்தார். கொடுத்திருந்தார் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். கூட்டத்துக்கு அம்மாவை வண்டியில் கொண்டுவந்து விடும் பையனும், அப்பாவைக் கூட்டிப் போக வரும் பெண்ணும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் பேசுபவர்களைப் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்துச் சிரித்தே கல்யாணம் வரைக்கும் போய்விட்டார்கள். அதற்கு முன்பு பெண்ணின் அப்பாவும் பையனின் அம்மாவும் இதே அறையில் மேஜையைத் தட்டி வாதாடியவர்கள். "ஒற்றை ஆள் ஆபீஸ் ஒரு ஆபீஸா" என்று அந்த அம்மாள் கேட்பார். "காகிதத்தை அச்சடிச்சுக் குடுத்துட்டா ஆலோசனையா" என்று இவர் கேட்பார். கல்யாணம் ஆனதோ இல்லையோ, எல்லாம் மாறிப்போனது. "சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொல்ல, "எல்லாம் சம்பந்தியம்மாகிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று இவர் சொல்ல, மணிக்காரருக்கு மணியடிக்கும் வேலை பாதியாகக் குறைந்தது.

"தலைவரே, இதை மாத்திக் குடுங்க. இவங்க எனக்குச் சம்பந்தி" என்று சீட்டை நீட்டினார் அஞ்சு நிமிஷம்.

மணிக்காரர் பதிலுக்கு மணியைத் தட்டினார்.

வீட்டுக்குப் போவதற்குள் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது. அவள் பல் மருத்துவர். வாய்க்குள் கை வைத்தாலும் வலிக்காமல் வேலை பார்ப்பாள் என்று பெயர். அன்று அப்பாவிடம் அப்படிப் பேசவில்லை.

"அப்பா, அத்தை ஆபீஸ்ல எது எப்படி இருந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

"பார்த்ததைப் பார்த்தபடி சொல்லணும்னு விதி போட்டிருக்காங்கம்மா."

"நீங்க ஒரு நாள் சொல்லிட்டுப் போயிடுவீங்க. நான் தினமும் காலையில அவங்க எதிர்ல உட்கார்ந்து காபி குடிக்கணும்."

மனைவியும் அதையே வேறு மாதிரி சொன்னாள். "அவங்க வீட்டுத் திரைச்சீலை நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். முன்னாடி இருந்தது நல்லா இல்லையான்னு ரெண்டு நாள் யோசிச்சாங்களாம். பார்த்து நடந்துக்குங்க."

முதலில் அவர் முறை. சம்பந்தியம்மாவின் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, வரவேற்பில் ஒரு பெண், உள்ளே தடுப்புத் தடுப்பாகப் பிரித்து எட்டுப் பேர். சம்பந்தியம்மா தன் போனை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு சம்பந்தி. உங்க ஆபீஸ் மாதிரி நினைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, உயரம் சரியில்லையே என்று கீழே இருந்த கைப்பிடியைத் தொட்டார். நாற்காலி புஸ்ஸென்று மூச்சை விட்டுக்கொண்டு இறங்கி, அவர் முகவாய் மேஜைக்குச் சமமாக வந்து நின்றது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கணினித் திரைக்குள் குனிந்துகொண்டார்கள். மறுபடி ஏற்றத் தெரியாமல் அரை மணி நேரம் அப்படியே இருந்தார். பிறகு வரவேற்புப் பெண் வந்து, ஒன்றும் பேசாமல், ஒரு தட்டுத் தட்டி ஏற்றிவிட்டுப் போனாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. போன் அடிக்கவே இல்லை. அவர் போன் அடிக்காத ஒரு காலை வேளையைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. இரண்டு தடவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இது வேலை செய்யுதாம்மா?" என்று வரவேற்புப் பெண்ணைக் கேட்டார்.

"செய்யுது சார். ரிப்போர்ட் குடுத்துட்டா அதுக்கப்புறம் யாரும் அவ்வளவா கூப்பிட மாட்டாங்க."

"அடுத்த வருஷம் வருவாங்களா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த வருஷம் வேற ஆளுங்க வருவாங்க சார்."

ரிப்போர்ட் என்றால் சாதாரண ரிப்போர்ட் இல்லை. ஒவ்வொன்றும் செங்கல் கனம். வழவழவென்று அட்டை, சுருள் கம்பி, நடுநடுவே வண்ணப் படங்கள். அதையெல்லாம் எழுதுவது மாப்பிள்ளைதான். உள்ளே, அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார். மாமனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. வேலை எப்படிப் போகுது?"

"போகுது மாமா" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அறையும் பேசுகிற மாதிரி அறை இல்லை.

மத்தியானம் சலவைக் கடைக்காரர் ஒருவர் ரிப்போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தடிமனான மனிதர், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தார்.

"அம்மா இல்லைங்களா? பரவாயில்ல, நீங்க சொல்லுங்க. இதைப் பூரா படிச்சேன் சார். தப்பே சொல்ல முடியாது. ஆனா படிக்கப் படிக்க என் கடை மேல எனக்கே பயம் வந்துடுச்சு. திங்கட்கிழமை காலையில ஷட்டரைத் தூக்கினதும் முதல்ல என்ன பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க."

அஞ்சு நிமிஷத்துக்கு நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துவிட்டது. ஆனால் இது தன் நாற்காலி இல்லை என்று அடக்கிக்கொண்டு, எழுதியவரையே கேட்கலாம் என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார். மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். சலவைக் கடைக்காரரின் எதிரில் உட்கார்ந்து, முதல் வேலையாக ரிப்போர்ட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"துணி வாங்குற இடத்துல யார் நிக்கிறாங்க?"

"என் மச்சான்."

"வர்றவங்ககிட்ட நல்லா பேசுவாரா?"

"பேசுவான். அதான் தலைவலி. பின்னாடி பத்துப் பேர் நிப்பாங்க, இவன் முன்னாடி நிக்கிறவர்கிட்ட கதை பேசிட்டிருப்பான். பாதிப் பேர் துணியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறாங்க."

"அப்ப அவரைக் கடையில நிறுத்தாதீங்க. வண்டியைக் குடுத்து வீடு வீடா துணி எடுக்க அனுப்புங்க. அங்க எவ்வளவு வேணும்னாலும் பேசட்டும். பேசப் பேசத் துணி வரும்."

சலவைக் கடைக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு கடை முழுவதையும் வாயாலேயே புரட்டிப் போட்டார்கள். எந்த இயந்திரத்தை எங்கே நகர்த்துவது, மழை நாளில் உலர்த்துவதற்கு என்ன செய்வது என்று. தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. தங்கள் சின்ன முதலாளிக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

சலவைக் கடைக்காரர் போன பிறகு மாப்பிள்ளை உடனே உள்ளே போகவில்லை.

"ஆளைப் பார்த்துப் பேசி ரொம்ப நாளாச்சு மாமா" என்றார்.

"உங்களுக்கு இந்த வேலைதான் பிடிச்சிருக்கு."

"ம்."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"ரிப்போர்ட் எழுதறதுல என் பையனை மிஞ்ச ஆள் கிடையாதுன்னு அம்மா பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்றாங்க. அதைக் காதால கேட்டப்புறம் எப்படி மாமா சொல்றது?" என்றவர், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார்.

அடுத்த வாரம் சம்பந்தியம்மா முறை. அஞ்சு நிமிஷம் தன் போனைக் கொடுத்த விதத்தைப் பார்த்து, கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர் மாதிரி இருந்தது என்று அக்கா பிற்பாடு சொன்னாள். வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்தார். முடி வெட்டிக்கொண்டார். பிறகு மனைவியின் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்த் தன் எண்ணுக்கே அடித்தார்.

"சம்பந்தி, வீட்டுல இருங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல். உடனே வைத்துவிட்டது.

மாடி அறையில் சம்பந்தியம்மாவுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. போன் ஓயவில்லை. ஆனால் யாரும் அவரோடு பேசவும் தயாராக இல்லை. "சார் இல்லையா? சரிங்கம்மா, நாளைக்குப் பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்கள். நாலைந்து தடவை இப்படியானதும், அடுத்து வந்தவரிடம் அவர் முந்திக்கொண்டார். "வைக்காதீங்க. யோசனை நாளைக்கு அவர்கிட்ட கேட்டுக்குங்க. விஷயம் என்னன்னு மட்டும் என்கிட்ட சொல்லுங்க."

சொன்னார்கள். ரொட்டிக் கடைக்காரர் மனைவியின் தம்பியை அடுப்படியில் வைத்திருந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர் தங்கை மகனை. வேன்காரர் அண்ணன் மகனை. தையல் நிலையம் நடத்தும் பெண்மணி அக்கா மகளை. நாலு பேருக்கும் ஏறக்குறைய ஒரே கதை: சொந்தம் என்று வேலைக்கு வைத்தாகிவிட்டது, வேலை சரியில்லை, சொன்னால் வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், சொல்லாவிட்டால் கடை படுத்துவிடும்.

"இதுக்குச் சார் என்ன சொல்வார்?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அரை மணி நேரம் பேசுவார்மா. பதில் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி சொல்வார்."

சம்பந்தியம்மா நாலு பேருக்கும் போன் போட்டார். சாயந்திரம் கடையை ஒரு மணி நேரம் யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொன்னார். கீழே கண்ணாடிக் கடையிலிருந்து ஸ்டூல்களை வாங்கிவந்து போட்டார்கள். அறை நிறைந்து, ஒருத்தர் முழங்கால் இன்னொருத்தர் முழங்காலில் இடித்தது. ரொட்டிக் கடைக்காரர் சும்மா வரவில்லை, ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்தார். முதலில் எல்லாரும் இரும்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் சம்பந்தியம்மாவுக்குப் பேச இடமில்லாமல் போனது.

"நான் சொல்லிட்டேன்" என்றார் வேன்காரர். "போன மாசம். முகத்தைத் திருப்பிக்கிட்டான். இப்ப பரவாயில்ல, வேலையில ஒழுங்கா இருக்கான். அதுதான் சரியா, இல்ல இன்னும் ஏதாவது செய்யணுமான்னு சார்கிட்ட கேக்கலாம்னு போன் பண்ணேன்."

தையல் நிலையத்துப் பெண்மணி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்படிச் சொன்னீங்க? அந்த முதல் வார்த்தை எப்படி வந்துச்சு?"

"வண்டி ஓட்டிக்கிட்டே சொன்னேன். அவன் பக்கத்துல இருந்தான். ரெண்டு பேரும் ரோட்டைத்தான பார்க்கணும். மூஞ்சியைப் பார்க்கலைன்னா பாதி கஷ்டம் போயிடும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சம்பந்தியம்மா ஆட்டவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு வேன்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தன்று அஞ்சு நிமிஷத்தின் வீட்டு வாசலில் சம்பந்தியம்மாவின் கார் வந்து நின்றது. "ஒரே இடத்துக்குத்தானே போறோம், ஏறுங்க சம்பந்தி" என்றார். அவர் பின்கதவைத் திறக்கப் போனார். "முன்னாடி ஏறுங்க" என்றார் சம்பந்தியம்மா.

கொஞ்ச தூரம் வழக்கம் போலவே போனது. உங்க ஊழியர்கள் என்ன மரியாதை, என்ன ஒழுங்கு என்று இவர் சொன்னார். உங்களை நம்பி எத்தனை பேர், பார்க்கவே சந்தோஷமா இருந்தது என்று அவர் சொன்னார். பெரிய சாலைக்கு வந்ததும் வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டன. காருக்குள் பேச்சும் நின்றது.

"உங்க வேன்காரர் ஒரு விஷயம் சொன்னார்" என்று ஆரம்பித்தார் சம்பந்தியம்மா. வண்டியில் போகும்போது சொல்கிற கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, சாலையைப் பார்த்தபடியே, "நீங்க முதல்ல சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"உங்க வண்டி. நீங்களே சொல்லுங்க."

"ஆபீஸ் வளரலைன்னு போன் மேல பழியைப் போடறீங்க. போன் அடிக்கலைன்னாதான் உங்களால இருக்க முடியாது. நாலு பேர் ஒரே கேள்வி கேக்கிறாங்க. நாலு பேரையும் உட்கார வெச்சா அவங்களே பேசித் தீர்த்துக்கிறாங்க, நான் பார்த்தேன். நீங்க உட்கார வைக்க மாட்டீங்க. ஏன்னா அப்புறம் யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்களோன்னு ஒரு பயம்."

அவர் முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லிடுங்க."

"மருமக ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்னா. சின்ன வயசுல உங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னா, பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேயிருந்து ஆபீஸுக்குப் போன் பண்ணுவாளாம். வாடிக்கையாளர்னு நினைச்சு உடனே எடுப்பீங்களாம்."

இது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இன்னும் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன்காரர் சொன்னது சரிதான்; முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அந்த நேரத்தில் பெரிய உதவியாக இருந்தது.

திரும்பாமலே, "இப்ப என் முறையா?" என்றார்.

"ம்."

"மாப்பிள்ளையைத் தப்பான அறையில உட்கார வெச்சிருக்கீங்க."

சலவைக் கடைக்காரர் வந்ததை, ரிப்போர்ட்டை மூடி வைத்ததை, மச்சானை வண்டியில் ஏற்றியதை, எட்டுத் தலைகள் எட்டிப் பார்த்ததை எல்லாம் சொன்னார். "அன்னிக்குத்தான் அவர் எப்படிச் சிரிப்பார்னு நானே பார்த்தேன் சம்பந்தியம்மா. கல்யாண போட்டோவுல கூட அப்படிச் சிரிக்கல."

வண்டிகள் நகர ஆரம்பித்திருந்தன. இவர்களுடைய கார் மட்டும் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சம்பந்தியம்மா மெல்ல ஓரங்கட்டி, ஒரு செருப்புக் கடை வாசலில் நிறுத்தினார்.

"அவன் எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"அம்மாகிட்ட சொல்லலாம். முதலாளியம்மாகிட்டயும் சொல்லலாம். ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில உட்கார்ந்திருந்தா யாரைப் பார்த்துச் சொல்றது?"

"நல்லாத்தான் எழுதறான்."

"ரொம்ப நல்லா எழுதறார். அதைப் படிச்சுட்டுச் சலவைக் கடைக்காரர் தன் கடையைத் திறக்கவே பயந்துட்டார்."

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இவருக்கும் தொற்றிக்கொண்டது. உங்க நாற்காலி என்னைக் கீழே இறக்கிடுச்சு என்று அந்தக் கதையையும் சொன்னார். செருப்புக் கடைக்காரர் வெளியே வந்து, நரைத்த தலைகள் இரண்டும் காருக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கூட்டத்துக்குத் தாமதமாகத்தான் போனார்கள். அங்கே மற்ற ஜோடிகள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா நேராக முன்னால் போய் நின்றார்.

"சம்பந்தி என்னைப் பத்தி என்ன சொன்னார்னு நான் சொல்றேன். நான் அவரைப் பத்திச் சொன்னதை அவரே சொல்வார்" என்றார்.

தங்களிடம் வருகிறவர்கள் ஏன் மறு வருஷம் வருவதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். மகனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அடுத்து அஞ்சு நிமிஷம் எழுந்தார். போன் விஷயத்தைச் சொன்னார், பக்கத்து வீட்டுப் போன் விஷயத்தைச் சொல்லவில்லை. அது வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தார்.

அவர் உட்கார்ந்தார். பிறகு, எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து பெரிய பெரிய பேச்சாகப் பேசுகிற ஏற்றுமதி ஆலோசகர் கையைத் தூக்கினார். "நான் ஆள் மேல ஆள் எடுத்துட்டேன். அவங்களுக்குக் குடுக்க வேலை இல்ல. அவங்க சும்மா இருக்கிறது தெரியாம இருக்க நான் தினமும் மீட்டிங் போடறேன்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகமே இலேசாகிவிட்டது. அவருக்கு என்ன செய்யலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதற்குள் இன்னொருவர் எழுந்தார். நூலகத்து ஊழியர் சாவிக்கொத்தோடு வந்து வாசலில் நின்று இருமும்வரை போனது.

மறுநாள் காலையிலேயே மகள் போன் செய்தாள்.

"அப்பா, சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல."

"சொல்லிட்டேன்மா. அத்தை கோவமா இருக்காங்களா?"

"நேத்து ரெண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க. நான் எழுந்து வந்துட்டேன். காலையில பார்த்தா இவர் விசிலடிச்சுக்கிட்டே ஷேவ் பண்றார்" என்றவள், குரலைத் தாழ்த்தி, "காபி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. மாப்பிள்ளை கடை கடையாகப் போக ஆரம்பித்தார். ரிப்போர்ட் எழுதும் வேலையை வரவேற்புப் பெண் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்; அவள் எழுதினால் ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் போகாது. "இவ்வளவு ஒல்லியா இருக்கே" என்று ஒரு வாடிக்கையாளர் குறைப்பட்டுக்கொண்டார். சம்பந்தியம்மாவுக்கே முதலில் அதைக் கையில் எடுத்துக் கொடுக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வரவேற்பு மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்தது. போன வருஷத்து ஆட்கள் இரண்டு பேர், மாப்பிள்ளையைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

மாடி அறையில் வியாழக்கிழமைதோறும் சாயந்திரம் கூட்டம் போட்டார்கள். ஒரே மாதிரிக் கேள்வி உள்ளவர்களை அக்கா சேர்த்து வரச் சொல்வாள். இரும்புச் சாமான் கடைக்காரர் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தனியா சொல்ல நேரமில்லையா சார் உங்களுக்கு" என்று கோபித்துக்கொண்டு வேறு ஆலோசகரிடம் போய்விட்டார். அது அஞ்சு நிமிஷத்தை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஆனால் வேன்காரர் தனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தார், தையல் நிலையத்துப் பெண்மணி தன் பங்குக்கு இரண்டு பேரை. கண்ணாடிக் கடையின் ஸ்டூல்கள் போதாமல் மடக்கு நாற்காலிகள் வாங்கினார்கள். பிறகு அறையே போதாமல், அடுத்த அறையையும் எடுத்து, இன்னொரு ஆலோசகரை வேலைக்குச் சேர்த்தார்கள். போனை எடுத்து 'சார் இருக்காரா' என்று கேட்பவர்களிடம் அந்தப் புது ஆள், "நான் இருக்கேன், சொல்லுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். கேட்பவர்கள் அதற்குப் பழகக் கொஞ்சம் நாள் பிடித்தது. அஞ்சு நிமிஷத்துக்கு அவர்களைவிட அதிக நாள் பிடித்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஆபீஸை விட்டு இறங்கினார். கால் போன போக்கில் நடந்தவர், மகளின் பல் மருத்துவமனை இருக்கும் தெருவுக்கு வந்திருப்பதைக் கவனித்தார். அது திறந்த நாளன்று வந்தது, அதற்குப் பிறகு உள்ளே போனதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்தார்.

உள்கதவு திறந்தது. "அடுத்து யாரு?" என்று எட்டிப் பார்த்த மகள், அப்பாவைப் பார்த்து முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"என்னப்பா, பல் வலியா?"

"இல்ல. சும்மா உன்கூடப் பேசலாம்னு வந்தேன்."

"இவங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு வந்துடறேன். போயிடாதீங்க" என்றாள்.

அவர் போகவில்லை. மேஜை மேல் கிடந்த பழைய பத்திரிகையில் பற்களைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்ததும், இரண்டு பேரும் தெருமுனையில் இருந்த டீக்கடைக்கு நடந்தார்கள். அன்று காலையில் வந்த ஒரு வாண்டுப் பயல் அவள் விரலைக் கடித்துவிட்டு, டாக்டர்தான் தன்னைக் கடித்துவிட்டார் என்று அம்மாவிடம் சொல்லி அழுததை அவள் நடித்துக் காட்டினாள். கடிபட்ட விரலையும் நீட்டினாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று அவருக்கு இரண்டு மூன்று யோசனைகள் வந்தன. எதையும் சொல்லாமல், விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

"அதைக் கேளுங்க" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு டீ சொன்னாள்.